அணியும் சுட்டியும் ஒன்றல்ல

சி நிரல்மொழியில் அணியின் (array, ஒரே வகை மதிப்புகளின் வரிசை) பெயரே ஒரு சுட்டிதான் (pointer, நினைவக முகவரியை வைத்திருக்கும் மாறி) என்று பலரும் சொல்லிக்கொடுப்பது பாதி உண்மைதான். பெரும்பாலான இடங்களில் அப்பெயர் முதல் உறுப்பின் முகவரியாக மாறிவிடுகிறது என்பதே சரி. அதனால்தான் அ என்ற அணியில் அ[3] என்பதும் *(அ+3) என்பதும் ஒரே உறுப்பைத் தருகின்றன, 3[அ] என்று எழுதினாலும் கம்பைலர் மறுப்பதில்லை (தயவுசெய்து யாரும் அப்படி எழுத வேண்டாம்). ஆனால் ஒன்றின் அளவை பைட்டில் சொல்லும் சைஸ்ஆஃப் (sizeof) என்பதற்கு அணியின் பெயரைக் கொடுத்தால் இந்த மாற்றம் நிகழ்வதில்லை: இன்ட் (int, முழு எண்) ஒன்றுக்கு 4 பைட் ஒதுக்கும் வழக்கமான 64 பிட் கணினியில், 10 இன்ட் கொண்ட அணிக்கு 40 என்றும், அதன் முதல் உறுப்பைக் காட்டும் சுட்டிக்கு 8 என்றும் விடை வரும். அதே அணியை ஒரு ஃபங்ஷனுக்கு அனுப்பும்போது, அங்கே அ[10] என்றே அறிவித்திருந்தாலும் உள்ளே போய்ச் சேர்வது வெறும் சுட்டிதான். ஆகவே நீளத்தையும் தனியாக அனுப்பிவிடுவதே நல்லது.