ஈம் ஆலயமும் இரண்டு மேய்ப்பர்களும்

இங்கிலாந்தின் டெர்பிஷயரில், பீக் மலைப்பகுதியில் இருக்கிறது ஈம் கிராமம். ஷெஃபீல்டிலிருந்து பேருந்திலேயே போய்விடலாம். ஊர் நடுவே இருக்கும் பரிசுத்த லாரன்ஸ் ஆலயம் ஓர் ஆங்கிலிக்கன் கிராமச் சபையின் ஆலயம். பெரிய பேராலயங்களைத் தேடிப் போகும் நம்மவர்கள் இந்தப் பக்கம் அதிகம் வருவதில்லை. வர வேண்டும் என்ற ஆசையில்தான் இதை எழுதுகிறேன்.

1665 செப்டம்பரில் லண்டனிலிருந்து இவ்வூர்த் தையற்காரர் வீட்டுக்கு ஒரு துணிப்பெட்டி வந்தது. ஈரமாக இருந்த துணிகளை உதவியாளர் ஜார்ஜ் விக்கர்ஸ் நெருப்பருகே விரித்துக் காயவைத்தார். துணியோடு வந்த தெள்ளுப்பூச்சிகளில் கொள்ளைநோய் இருந்தது. சில நாட்களில் அவர் இறந்தார். பிறகு வீடு வீடாகச் சாவு. குளிர்காலத்தில் சற்று அடங்கிய நோய், கோடை வந்ததும் மறுபடி மூண்டது.

அப்போது சபைக் குருவானவர் வில்லியம் மொம்பெசன். முப்பது வயதுகூட ஆகவில்லை, 1664-இல் வந்தவர். ஊருக்கு அவரிடம் ஒட்டுதல் இல்லை. அவர்கள் மனதில் இருந்தவர் பழைய குரு தாமஸ் ஸ்டான்லி. 1662-இல், ஆங்கிலிக்கன் சபையின் ஆராதனை முறைநூலான பொது ஜெப புத்தகத்துக்கு உடன்பட மறுத்ததால் பதவி போனவர் அவர். இருவரும் கொள்கையில் எதிரெதிர். ஆனாலும் மொம்பெசன் அவரைத் தேடிப் போனார், ஸ்டான்லியும் கைகொடுத்தார். எனக்கு இந்த ஊரின் முதல் அற்புதம் அதுதான்.

1666 ஜூனில் இருவரும் சேர்ந்து சபையாரிடம் மூன்று காரியங்கள் கேட்டார்கள். இறந்தவர்களை அவரவர் குடும்பத்தாரே தங்கள் நிலத்தில் அடக்கம் செய்ய வேண்டும். ஆராதனை ஆலயத்துக்குள் அல்ல, திறந்தவெளியில். மூன்றாவதுதான் கடினமானது: யாரும் ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. சுற்றுக் கிராமங்கள் பிழைக்க வேண்டுமானால் நாம் இங்கேயே இருக்க வேண்டும் என்றார்கள். ஜனங்கள் சம்மதித்தார்கள். சாட்ஸ்வொர்த்தில் இருந்த டெவன்ஷயர் பிரபு உணவு அனுப்பினார்.

ஸ்டோனி மிடில்டன் போகும் ஒற்றையடிப் பாதையில் அந்த எல்லைக்கல் இன்னும் கிடக்கிறது. புல்வெளியில் தாழ்ந்து படுத்திருக்கும் கல். மேலே குடைந்த குழிகள். காசோடு நோய் போய்விடாதிருக்க வினிகர் ஊற்றிய இந்தக் குழிகளில் ஊரார் காசைப் போட்டுவிட்டு, வெளியூரார் வைத்துப்போன பொருட்களை எடுத்துக்கொள்வார்களாம். ஒரு குழிக்குள் விரலை விட்டுப் பார்த்தேன். விளிம்பு வழுவழுவென்று தேய்ந்திருந்தது. இந்தக் கல்லுக்கு அப்பால் ஒரு அடி வைத்திருந்தால் தப்பித்திருக்கலாமே என்று எத்தனை தாய்மார் இங்கே நின்று ஏங்கியிருப்பார்கள்! அங்கே நின்று ஜெபிக்க எனக்கு வார்த்தை வரவில்லை.

ஊருக்குக் கிழக்கே மேட்டு வயலில், வட்டமான கற்சுவருக்குள் ரைலி கல்லறைகள். எலிசபெத் ஹான்காக் என்ற பெண் 1666 ஆகஸ்டில் எட்டே நாட்களுக்குள் கணவரையும் ஆறு பிள்ளைகளையும் தன் கையாலேயே புதைத்த இடம். அங்கே படமெடுக்க மனம் வரவில்லை.

ஆலயத் தோட்டத்தில் எட்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த சாக்சன் சிலுவை நிற்கிறது. தண்டின் ஒரு பகுதி போய்விட்டாலும் செதுக்கல்கள் தெளிவு. பக்கத்தில் மொம்பெசனின் மனைவி கேத்தரினின் கல்லறை. பிள்ளைகளை வெளியே அனுப்பிவிட்டுக் கணவரோடு தங்கிவிட்டவர். 1666 ஆகஸ்டில் இறந்தார். கல்லறையின் ஒரு முனையில் சிறகு முளைத்த மணற்கடிகாரம். மறுமுனையில் மண்டையோடு, அதன்கீழ் லத்தீனில் ‘எனக்கு ஆதாயம்’. ‘சாவு எனக்கு ஆதாயம்’ என்று வேதாகமத்தில் அப்போஸ்தலன் பவுல் சொன்னதுதான். அடக்க ஆராதனைகளில் எத்தனையோ முறை கேட்ட வசனம் அது. கேத்தரினின் கல்லறையில் அதைப் பார்த்தபோதுதான் அதன் விலை எனக்கு உறைத்தது.

உள்ளே கொள்ளைநோயைச் சித்திரிக்கும் வண்ணக் கண்ணாடிச் சன்னல் 1985-இல் வைத்தது. இறந்தோர் பெயர்ப்பட்டியலை அவசரமில்லாமல் வாசியுங்கள். ஒரே குடும்பப் பெயர் திரும்பத் திரும்ப வரும். 1666 நவம்பரில் நோய் ஓய்ந்தபோது சுமார் 260 பேர் போயிருந்தார்கள். சுற்று ஊர்கள் தப்பின.

மொம்பெசன் 1669-இல் ஈக்ரிங் சபைக்கு மாற்றலாகிப் போனார். நோய்ப் பயத்தில் அங்கிருந்தவர்கள் அவரை முதலில் ஊருக்குள் சேர்க்கவில்லையாம். ஸ்டான்லி இங்கேயே 1670-இல் இறந்தார். வழிகாட்டிப் பலகைகளில் மொம்பெசன் பெயர்தான் முன்னால் வருகிறது. ஸ்டான்லிக்கும் அதே இடம் கொடுக்க வேண்டும் என்பேன். பதவி பறிபோன பிறகும் அந்த ஜனங்களை அவர் கைவிடவில்லையே.

போவதாக இருந்தால் ஆகஸ்ட் கடைசி ஞாயிறன்று போங்கள். அன்று கக்லெட் டெல்ஃப் பள்ளத்தாக்கில், அக்காலத்தில் குடும்பம் குடும்பமாக விலகி நின்று தொழுதுகொண்ட அதே சரிவில், நினைவு ஆராதனை நடக்கும். மற்ற நாட்களில் அது தனியார் நிலம். கால்வலி உள்ளவர்களுக்குச் சரிவு சிரமம். நல்ல செருப்பும் ஒரு குடையும் கட்டாயம் வேண்டும்.