வெள்ளை எந்தப் பக்கம் விழுந்திருக்கிறது?

செவ்வாய்க்கிழமை காலை என் கடல்நீர்ப் பவளத் தொட்டியின் வெள்ளை விளக்கு எரிந்ததும் பார்த்தேன், நான்கு வருடமாக வளர்த்துவரும் அக்ரோபோரா என்ற கிளைப் பவளத்தின் மேல்பாதி சுண்ணாம்பு அடித்தது போல நின்றது. பக்கத்தில் இருந்த இன்னொரு பவளம், ஸ்டைலோஃபோரா, முழுக்கவே வெள்ளை. கீழே தட்டு மாதிரி வளரும் மோன்டிபோரா பவளத்தின் நடுப்பகுதியும் வெளிறியிருந்தது. முந்தின நாள் சாயங்காலமே ஏதோ சரியில்லை என்று தோன்றியது, ஆனால் அப்போது நீல விளக்கு மட்டும்தான் எரிந்துகொண்டிருந்தது. நீல ஒளியில் வெளுத்த பவளம் இன்னும் அதிகமாக ஒளிரும், பார்ப்பதற்கு நிறம் கூடியது போலவே இருக்கும். பவளத்தின் மேல் சந்தேகம் வந்தால் வெள்ளை விளக்கைப் போட்டுப் பாருங்கள்.

அந்த நேரத்தில் கை பரபரக்கும். பாதித் தண்ணீரை மாற்றலாமா, பவளத்தை எடுத்து வேறு இடத்தில் வைக்கலாமா, மருந்து ஏதாவது ஊற்றலாமா என்று எல்லாம் ஒன்றாகத் தோன்றும். நான் நாற்காலியை இழுத்துப்போட்டு அரை மணி நேரம் சும்மா உட்கார்ந்து பார்த்தேன். பிறகு செய்த சோதனைகளை விட அந்த அரை மணி நேரம்தான் அதிகம் சொன்னது, அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில், வெளுத்ததா செத்ததா? வெளுத்த பவளத்தில் சதை இருக்கும். கண்ணாடி மாதிரி ஒரு மெல்லிய தோல், அதற்குள் சுண்ணாம்புக் கூடு தெரியும், உற்றுப் பார்த்தால் பாலிப்புகள் என்ற குட்டி உயிர்கள் மெதுவாக நீட்டிக்கொண்டிருக்கும். செத்ததில் வெறும் கூடுதான். சந்தேகமாக இருந்தால் ஒரு பெரிய டிராப்பரால் தண்ணீரை மெதுவாகப் பீய்ச்சிப் பாருங்கள், சதை நார்நாராகப் பிய்ந்து பறந்தால் அது வெளுப்பே இல்லை, திசு அழுகி உரிகிற வேறு பிரச்சினை. ஒரே இரவில் ஒரு முழுக் கிளையைத் தின்றுவிடும், உரியாத நல்ல பகுதியை வெட்டித் தனியே வைப்பதுதான் அதற்கு வழி. என்னுடையதில் எதுவும் பறக்கவில்லை, பாலிப்புகள் பாதி நீட்டிக்கொண்டு உயிரோடு இருந்தன. மூச்சு வந்தது.

சரி, அடுத்தது வெள்ளை விழுந்திருக்கும் வடிவம். இதை யாரும் போதுமான அளவுக்குச் சொல்வதில்லை என்பது என் அபிப்பிராயம். அடியிலிருந்து மேலே ஏறும் வெள்ளை, சதைக்கும் கூட்டுக்கும் நடுவே கத்தியால் வெட்டியது போன்ற கோடு என்றால் திசு இழப்பு. பக்கத்து யூஃபில்லியா பவளத்தைப் பார்த்த பக்கம் மட்டும் வெள்ளை என்றால் அது ராத்திரியில் நீண்ட கொடுக்குகளால் கொட்டியிருக்கிறது. அக்ரோபோராவின் அடிப்பகுதியில் சின்னச் சின்ன வட்டமான வெளிறல்கள் என்றால் தட்டைப்புழு கடித்திருக்கலாம், கிளையைத் திருப்பி முட்டைகள் இருக்கின்றனவா என்று தேட வேண்டும். தொட்டி முழுக்க எல்லா இனமும், அனிமோனி உட்பட, ஒன்றாக வெளுத்தால் ஹீட்டர் அணையாமல் சிக்கிக்கொண்டதா என்று பார்க்க வேண்டும். நத்தையும் இறாலும் முதலில் சுருண்டு விழுந்தால் உப்பின் அளவையோ தண்ணீரில் கரைந்த உலோகத்தையோ சந்தேகிக்கலாம், தொட்டிக்குள் இருக்கும் காந்தம் ஏதாவது துருப்பிடித்திருக்கிறதா என்று தேடுங்கள். கிளை நுனிகள் மட்டும் வெள்ளையாக இருந்தால் பயப்படும் முன் யோசியுங்கள், வேகமாக வளரும் அக்ரோபோராவின் நுனி எப்போதுமே வெள்ளைதான், பவளத்தின் சதைக்குள் வாழ்ந்து நிறம் தரும் பாசி அங்கே இன்னும் குடியேறியிருக்காது. நுனியில் சதையே எரிந்து போயிருந்தால்தான் அது வேறு கதை, சத்துக் குறைந்த தண்ணீரில் காரத்தன்மை ஏறினால் அப்படி ஆகும்.

என் தொட்டியில், ஸ்டைலோஃபோராவைத் தவிர, வெள்ளை மேலே பார்த்த பரப்புகளில்தான் இருந்தது. அக்ரோபோராவின் ஒரே கிளையில், விளக்கைப் பார்த்த மேல்பக்கம் வெள்ளை, அடிப்பக்கம் பழைய நிறம். மோன்டிபோரா தட்டின் மேல் அக்ரோபோரா கிளையின் நிழல் விழும் இடத்தில், அந்த நிழலின் வடிவத்திலேயே பழுப்பு நிறம் அப்படியே இருந்தது. அதைப் பார்த்ததும் எழுந்துவிட்டேன். தண்ணீரில் விஷம் இருந்தால் நிழலைத் தாண்டி நிழல் பக்கத்தையும் தொட்டிருக்கும். இது ஒளி சம்பந்தப்பட்டது.

ஆனால் விளக்கை நான் தொடவே இல்லை. அதே விளக்கு, அதே உயரம், அதே சதவீதம், ஒரு வருடமாக.

சோதனைகளைச் செய்தேன். இரண்டு வெப்பமானிகளிலும் 26 டிகிரிக்குப் பக்கத்தில். அடர்த்தி 1.025, உப்பை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டரை 35 பிபிடி (ஆயிரத்தில் 35 பங்கு உப்பு) கரைசலில் சரிபார்த்த பிறகுதான் எடுத்தேன் (வெறும் ஆர்ஓ தண்ணீரில் சரிபார்ப்பவர்கள் நிறையப் பேர், கடல்நீர் அளவில் அது தப்பாகக் காட்டலாம்). காரத்தன்மை 8.2 டிகேஎச், போன வாரமும் கிட்டத்தட்ட அதுவேதான். நைட்ரேட் 5. பாஸ்பேட் 0.00, இரண்டு முறை எடுத்தும் 0.00. மூன்று வாரத்துக்கு முன் நோட்டில் எழுதி வைத்திருந்தது 0.07.

அந்த நோட்டைப் புரட்டும்போதுதான் ஒன்பது நாளுக்கு முந்தைய பக்கம் கண்ணில் பட்டது. அன்று ஞாயிற்றுக்கிழமை. தண்ணீரை வடிகட்டும் கார்பனைப் புதிதாக மாற்றியிருந்தேன், வழக்கமான அளவை விடக் கூடுதலாக. கண்ணாடியில் பச்சைப் பாசி படிகிறதே என்று பாஸ்பேட்டை உறிஞ்சும் ஜிஎஃப்ஓவை இரட்டிப்பாகப் போட்டிருந்தேன். அப்புறம் விளக்கின் கீழ்க் கண்ணாடியில் மாதக்கணக்கில் தெறித்துப் படிந்திருந்த உப்பைத் துடைத்திருந்தேன். மூன்றும் ஒரே மத்தியானத்தில்.

கார்பன் தண்ணீரில் கரைந்திருக்கும் மஞ்சள் சாயலை எடுத்துவிடும். அந்த மஞ்சள்தான் நீல ஒளியை நிறைய விழுங்கிக்கொண்டிருந்தது, அது போனதும் அதே விளக்கின் நீலம் இன்னும் ஆழமாக இறங்கும். அதோடு உப்புப் படலமும் இல்லை. நண்பரிடம் ஒளியின் அளவைக் காட்டும் பார் மீட்டர் வாங்கி வைத்துப் பார்த்தேன், அக்ரோபோராவின் உச்சியில் 320. விளக்கு மாட்டிய காலத்தில் அதே இடத்தில் 290 இருந்தது, உப்பு படிந்திருந்த மாதங்களில் அதற்கும் கீழே போயிருக்க வேண்டும். 320 என்பது அக்ரோபோராவுக்கு அதிகமே இல்லை, பலர் அதற்கு மேலும் வைக்கிறார்கள். ஆனால் குறைந்த ஒளிக்குப் பழகிய உடம்பு ஒரே நாளில் அதைத் தாங்காது, குறிப்பாக அதே வாரத்தில் சத்தையும் பிடுங்கிவிட்டால்.

இந்த இரண்டாவது பாதியை நான் பல வருடம் சரியாகப் புரிந்துகொள்ளாமல் இருந்தேன். பவளத்தின் சதைக்குள் வாழும் பாசிதான் அதற்குச் சாப்பாடு போடுகிறது, தேவையான சக்தியில் பெரும்பகுதி அங்கிருந்துதான் வருகிறது. பாசி தாங்க முடியாத அளவுக்கு ஒளி விழும்போது ஒளிச்சேர்க்கைக் கருவி திணறி, ஆக்சிஜனின் தீங்கான வடிவங்கள் உருவாகின்றன, பவளம் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அந்தப் பாசியையே வெளியேற்றிவிடுகிறது. கடலில் வெப்பம் செய்வதும் இதுதான், 1998-இல் உலகம் முழுக்கப் பவளத்திட்டுகள் வெளுத்தது அதனால்தான். பாஸ்பேட் எங்கே வருகிறது என்றால், பாசி தன் செல் சவ்வுகளைக் கட்டப் பாஸ்பரஸ் வேண்டும். நைட்ரேட் இருந்து பாஸ்பேட் மட்டும் இல்லாமல் போனால் பாசி பெருக முயலும், ஆனால் சவ்வைக் கட்டப் பொருள் இருக்காது, கந்தகம் சேர்ந்த கொழுப்பை வைத்து ஒப்பேற்றும். ஒளியும் வெப்பமும் கொஞ்சம் கூடினாலே அந்தச் சவ்வு தாங்காது. சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்தின் ஜோர்க் வீடன்மன் குழு 2013-இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் காட்டியது. நைட்ரேட் 5, பாஸ்பேட் 0.00 என்ற என் எண்களைப் பார்த்தபோது அதுதான் நினைவுக்கு வந்தது.

செய்தது கொஞ்சம்தான். விளக்கை அன்றே பாதியாகக் குறைத்தேன், நேரத்தையும் இரண்டு மணி நேரம் குறைத்தேன். ஜிஎஃப்ஓவை முழுக்க எடுத்துவிட்டேன். கார்பனை விட்டுவைத்தேன், அதை எடுத்தாலும் தண்ணீர் உடனே மஞ்சளாகப் போவதில்லை. மீன்களுக்கு ஒரு வேளை கூடுதலாகத் தீனி. பாசி இல்லாத பவளம் பட்டினி கிடக்கிறது என்பதால் ராத்திரி விளக்கணைந்த பிறகு, பாலிப்புகள் நீண்டதும், நுண்ணிய பிளாங்க்டன் தீனியைக் கொஞ்சமாக, வாரம் மூன்று முறை. பவளங்களை ஓர் அங்குலம்கூட நகர்த்தவில்லை. தண்ணீர் மாற்றுவதும் வழக்கமான அளவுதான். அடிபட்ட பவளத்துக்கு இன்னொரு மாற்றம் இன்னொரு அடி, அது நல்ல மாற்றமாகவே இருந்தாலும். காரத்தன்மையைத் திருத்த வேண்டியிருந்தால்கூட ஒரு நாளைக்கு 1 டிகேஎச்சுக்கு மேல் நகர்த்தாதீர்கள்.

முதல் இரண்டு வாரம் எதுவும் நடக்கவில்லை. அந்த இரண்டு வாரம்தான் கஷ்டம், தினமும் காலையில் போய் நின்று பார்ப்பேன். பாஸ்பேட் 0.03-க்கு வந்தது. ஸ்டைலோஃபோரா பதினைந்தாம் நாள் போய்விட்டது, சதை சுருங்கிச் சுருங்கி, அதன் மேல் இழைப்பாசி ஏறிவிட்டது. சின்னத் துண்டு, கையிருப்பில் சக்தி இல்லை என்று நினைக்கிறேன். அதை எனக்குக் கொடுத்தவருக்குச் சொல்லும்போது குரல் சரியாக வரவில்லை.

நான்காவது வாரம் அக்ரோபோராவின் வெள்ளைக் கிளையில், நிழல் எல்லைக்குப் பக்கத்தில், தேநீர்க் கறை மாதிரி ஒரு பழுப்பு. சதைக்குள் மிச்சமிருந்த பாசி பெருகுகிறது என்று அர்த்தம். முதலில் பழுப்புதான் வரும், பச்சையும் ஊதாவும் அதற்கு ரொம்பப் பின்னால். இன்றைக்கு ஒன்பதாவது வாரம். மோன்டிபோராவில் அந்த நிழல் வடிவம் எது என்று இப்போது எனக்கே தேடிப் பார்க்க வேண்டியிருக்கிறது. விளக்கை வாரத்துக்கு ஐந்து சதவீதம் ஏற்றுகிறேன், பழைய அளவுக்கு இன்னும் வரவில்லை, அவசரமும் இல்லை. அக்ரோபோராவின் உச்சிக் கிளைகள் இரண்டு மட்டும் இன்னும் வெளிறித்தான் இருக்கின்றன, ஆனால் நேற்று ராத்திரி டார்ச் அடித்துப் பார்த்தபோது அவற்றிலும் பாலிப்புகள் முழுக்க நீண்டிருந்தன.