'நியாயமான நேரத்தில் பார்க்கலாம்' என்று மட்டும் எழுதி வாங்காதீர்கள்

பிரிந்த பிறகு குழந்தைக்காகத் திரும்பத் திரும்பக் கோர்ட் படி ஏறுபவர்களின் உத்தரவைப் பிரித்துப் பார்த்தால், பல நேரம் ஒரே வரிதான் வினையாக இருக்கும்: "குழந்தையை நியாயமான நேரங்களில் பார்க்கலாம்." எது நியாயம் என்பதில்தானே சண்டையே!

கஸ்டடி என்ற ஒரே சொல்லுக்குள் இரண்டு விஷயங்கள் இருக்கின்றன. குழந்தை யாரோடு வசிக்கிறது என்பது ஒன்று. பள்ளி, அறுவை சிகிச்சை, பாஸ்போர்ட் போன்றவற்றில் முடிவெடுப்பது யார் என்பது இன்னொன்று. மனுவில் இரண்டையும் தனித்தனியாகக் கேளுங்கள்.

சமரசப் பேச்சுக்குப் போகும்போது அட்டவணையை எழுதியே கொண்டுபோங்கள். "வெள்ளி மாலை" என்று எழுதினால் போதாது. "வெள்ளி மாலை 6 மணி, தாயின் வீட்டு வாசல், அழைக்க வருவது தந்தை, தாமதமானால் குறுஞ்செய்தி, ஒரு மணி நேரம் கடந்தால் அந்த முறை ரத்து" என்று இருக்க வேண்டும். இதைவிட நல்ல ஏற்பாடு, காலையில் ஒருவர் பள்ளியில் விட, மாலையில் மற்றவர் அழைத்துப் போவது. வாசலில் நேருக்கு நேர் நிற்க வேண்டியதில்லை. குழந்தை நடுவில் மாட்டிக்கொண்டு இரண்டு முகத்தையும் பார்க்க வேண்டியதில்லை. பையில் என்னென்ன போகும் என்பதையும் எழுதுங்கள்: இன்ஹேலர், கண்ணாடி, வீட்டுப்பாட நோட்டு, கட்டிப்பிடித்துத் தூங்கும் பொம்மை. அந்தப் பொம்மை மறு வீட்டில் தங்கிவிட்ட இரவில்தான் பிள்ளை தூங்காமல் அழும்.

பள்ளிப் பிள்ளைகளுக்கு 2-2-5-5 முறை ஒத்துவரும். திங்கள், செவ்வாய் எப்போதும் ஒருவரிடம். புதன், வியாழன் மற்றவரிடம். வெள்ளி முதல் ஞாயிறு வரை வாரம் மாறி வாரம். இரண்டு நாளும் இந்த மூன்று நாளும் சேரும்போது ஒரே வீட்டில் தொடர்ந்து ஐந்து நாள் வரும். வீடுகள் பக்கத்தில் இருந்தால்தான் இது நடக்கும். கைக்குழந்தைக்கு ஐந்து நாள் பிரிவு நீளம். குறைந்த நேரம், அடிக்கடி சந்திப்பு என்று அமையுங்கள். விடுமுறையை ஒற்றைப்படை, இரட்டைப்படை ஆண்டாகப் பிரித்து, வார அட்டவணையோடு மோதினால் எது செல்லும் என்பதையும் சேருங்கள்.

இடைக்கால உத்தரவை அலட்சியப்படுத்தாதீர்கள். வழக்கு இழுக்க இழுக்க அதுவே குழந்தையின் வழக்கமான வாழ்க்கையாகிவிடும். பிறகு கலைக்க நீதிபதிகள் தயங்குவார்கள். சந்திப்புகள் எப்படி நடக்கின்றன என்று ஒரு குறிப்பேடு வையுங்கள். அதில் தேதி, நேரம், நடந்தது மட்டும் எழுதுங்கள். "வேண்டுமென்றே" என்ற சொல்லைச் சேர்த்தாலே அது சான்றாக இல்லாமல் வாதமாகிவிடும்.

பணம் வரவில்லை என்று பிள்ளையைக் காட்டாமல் இருப்பதும், பிள்ளையைக் காட்டவில்லை என்று பணத்தை நிறுத்துவதும் செய்பவருக்கே பாதகமாகத்தான் முடியும். பராமரிப்புத் தொகையும் சந்திப்பும் வேறு வேறு. பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்தும் அனுப்பாதீர்கள். ஏழு வயதுக் குழந்தை வக்கீலின் வார்த்தையில் பேசினால் நீதிபதிக்கு உடனே தெரிந்துவிடும்.

அடி, மிரட்டல் இருந்த வீடென்றால் மேலே சொன்ன பலதும் பொருந்தாது. நேரடிச் சமரசத்தை மறுத்து, கண்காணிப்போடு கூடிய சந்திப்பைக் கேளுங்கள். குழந்தையை ஒப்படைப்பதை மூன்றாமவர் செய்யட்டும்.

வெளிநாட்டுப் பயணத்துக்கு எழுத்துச் சம்மதம், திரும்பும் டிக்கெட், பாஸ்போர்ட் யாரிடம் என்ற மூன்றும் உத்தரவில் வேண்டும். பெற்றோரில் ஒருவர் முறையின்றி வேறு நாட்டுக்குக் கொண்டுபோன பிள்ளையைத் திருப்பி அனுப்பவைக்கும் 1980 ஹேக் ஒப்பந்தம் 16 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு, அதுவும் அதில் சேர்ந்த நாடுகளுக்கிடையே மட்டும்தான் உதவும். பிள்ளையை மீட்க ஓராண்டுக்குள் மனு போடாவிட்டால், புது இடத்தில் வேரூன்றிவிட்டது என்று எதிர்த்தரப்பு வாதிட வழி திறக்கும். போகிற நாடு அதில் இருக்கிறதா என்பதைச் சம்மதக் கையெழுத்துக்கு முன்பே வக்கீலிடம் கேளுங்கள்.