பண்ணையில் ஒரு கறுத்தக் கொக்கு

யாழ்ப்பாணத்துப் பண்ணைக் கடற்கரைப் பூங்காவில் தொலைநோக்கியோடு நின்றால், குருவி பார்க்க வந்த ஆள் என்று ஒருவரும் நினைக்கமாட்டார்கள். பின்னேரம் நடக்க வந்த ஐயா ஒருவர் கிட்ட வந்து குரலைத் தாழ்த்தினார்.

"தம்பி, காணி அளக்கப் போறாங்களோ?"

"இல்லை ஐயா, கொக்குப் பாக்கிறன்."

"கொக்குக்கு ஏன் உந்தக் குழாய்? எங்கட வயலுக்கு வாரும், வெறுங்கண்ணாலையே நூறு காட்டுறன்."

கையை நீட்டிக் காட்டினேன். மீன்பிடிக்க நட்ட சிறகுவலைக் கம்புகளுக்கு இப்பால், கணுக்கால் தண்ணீரில் நின்றது. உடம்பெல்லாம் சிலேற்றுப் பலகை நிறம், தொண்டையில் மட்டும் வெள்ளை, கறுத்தக் கால், மஞ்சள் பாதம். கரைக்கொக்கு! மேற்கு ஆபிரிக்காவில் தொடங்கி செங்கடல், பாரசீக வளைகுடா, இந்தியக் கரை என்று கடலோரமாகவே வாழும் இனம். இதில் வெள்ளை நிறத்திலும் உண்டு. அது வந்தால் சின்ன வெள்ளைக் கொக்கா இதுவா என்று குருவி பார்க்கிறவர்கள் தங்களுக்குள் கதை பேச்சை விட்டுவிடுவார்கள். கறுப்பில் அந்தக் கரைச்சல் இல்லை.

ஐயா குழாயைப் பறித்துப் பார்த்தார். "வள்ளத்து எண்ணெய் பட்டிருக்கு. பாவம்."

பிறவி நிறமே அதுதான், கறுப்பும் வெள்ளையும் சோடி சேரும் என்று விளக்கினேன். வாங்கிலில் கச்சான் கொறித்துக்கொண்டிருந்த அன்ரி திரும்பினார்.

"அப்ப உதுகளுக்குப் புரோக்கர் தேவையில்லை."

கொக்கென்றால் ஒற்றைக்காலில் நிற்கவேண்டும் என்பது ஐயாவின் கட்சி. இதுவோ ஓடியது. காலால் சேற்றைக் கிண்டியது, செட்டையை விரித்துக்கொண்டு மீன்குஞ்சுகளுக்குப் பின்னால் அங்குமிங்கும் பாய்ந்தது. "உதுக்கு ஆரும் கொக்கு வேலை பழக்கேல்லை" என்றார் ஐயா. அதற்குள் ஒரு பெடியன் போனை நீட்டியபடி தண்ணீருக்குள் இறங்கிவிட்டான். கொக்கின் தலையில் வெண்ணெய் வைக்கிறதுதான் பாக்கி. முழங்கால்வரை சேறு பூசிக்கொண்டு ஏறினான். கொக்கு பத்தடி தள்ளிப்போய் வேலையைத் தொடர்ந்தது.

ஐயாவுக்கு இப்போது பெருமை பிடித்துவிட்டது. கனடாவில் இருக்கும் மகனுக்கு வீடியோ கோல் எடுத்து, போனைக் கடல் பக்கம் திருப்பினார்.

"வடிவாப் பார், ஆபிரிக்காக் கொக்கு!"

"அப்பா, வேலைக்கு வெளிக்கிடுற நேரத்திலை காகம் காட்டவோ எடுத்தனீங்கள்?"

ஐயா போனை மடியில் செருகினார். "பனிக்குள்ளை கிடக்கிறவன் தம்பி. வெள்ளையெண்டால்தான் அவனுக்குக் கொக்கு."