தளத்தின் அடியில் இருக்கும் உக்கல்

வாழைச்சேனையில் கரையேற்றியிருக்கும் எங்கள் பழைய பைபர் படகின் தளம் காலடியில் அமிழத் தொடங்கியபோது, மேலே பலகை அடித்து மூடிவிடலாம் என்றார்கள், நான் உடன்படவில்லை. பைபர் உக்குவதில்லை, அதற்குள் பொதிந்த மரமே உக்குகிறது. அடைக்கப்படாத ஒரு திருகாணித் துளையே நீர் நுழையப் போதும்.

தளத்தை வெட்டித் திறந்து, அதன் அடியில் படகின் நீளவாக்கில் ஓடும் நெடுக்குச் சட்டங்களில் (பைபரால் பொதிந்த மரச் சட்டங்கள்) சிறு துளையிட்டால், கறுத்த ஈரத்தூள் வருகின்ற இடமெல்லாம் அகற்றப்பட வேண்டியதே. ஆனால் வெட்டுவதற்கு முன்னர் படகின் உடலைப் பல இடங்களில் முட்டுக்கொடுத்து நிமிர்த்தி வைப்பதும், சட்டங்களை ஒவ்வொன்றாகவே மாற்றுவதும் எல்லாவற்றிலும் முக்கியமானவை. இல்லையேல் உடல் கோணி, அந்தக் கோணலிலேயே இறுகிவிடும்.

புதிய மரத்தின் எல்லாப் பக்கங்களுக்கும், குறிப்பாக வெட்டுமுனைகளுக்கு, எபொக்சி ரெசின் (கலந்தபின் இறுகும் பசைத் திரவம்) ஊட்டுங்கள். சுரண்டித் துடைத்த, படகின் பைபரிலுள்ள பழைய பொலியெஸ்டர் ரெசின் மீதும் அது நன்றாகப் பற்றும். மாரி மழைக்காலத்தில் மட்டும் இவ்வேலையைத் தொடங்க வேண்டாம்.