அப்பத்தாவுக்கு எத்தனை சதவீதம்?

"இந்தத் தாலாட்டை எழுதியது யார்?" என்று கேட்டார் என் பாட்டு வழிகாட்டி.

"எங்க அப்பத்தா."

"அவங்களுக்கு எத்தனை சதவீதம்?"

டொராண்டோவில் எங்கள் பகுதி நூலகத்தில், பாட்டு எழுத ஆசைப்படும் உள்ளூர்க்காரர்களுக்கு அனுபவமுள்ள ஒரு பாடலாசிரியரை வழிகாட்டியாகத் தருகிறார்கள். காசு கிடையாது. நூலகத்தில் பாடலாம் என்பதே எனக்கு அதிசயம். காரைக்குடியில் தும்மினாலே தலை நிமிர்த்திப் பார்ப்பார்கள்.

இங்கே பாட்டு முடிந்ததும் முதல் வேலை 'ஸ்பிளிட் ஷீட்'. வரி யாருடையது, மெட்டு யாருடையது, ஆளுக்கு என்ன பங்கு என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். நாளை வானொலியில் ஒலித்தால் சோக்கான் என்ற உரிமைச் சங்கம் பதிவில் உள்ள பங்குப்படி பணம் தரும். எழுதியவர் இறந்து 70 ஆண்டு வரை வாரிசுகளுக்கு உரிமை. 2022 கடைசி வரை 50 ஆண்டாகத்தான் இருந்ததாம். வாரிசுகளா? ஊரில் எங்கள் பரம்பரை வளவு வீட்டுக்கே 14 பங்காளிகள். ஒரு ஓடு மாற்றக்கூட 14 கையெழுத்து.

சரி, அந்தத் தாலாட்டை எப்படிப் பிரிப்பது? மெட்டு ஊர் மெட்டு. முதல் நாலு வரி அப்பத்தாவின் மாமியார் பாடியது. நடுவில் பிள்ளையின் அம்மான்மார், அதாவது தாய்மாமன்கள், வரிசையாக வருவார்கள். ஒருவர் பர்மாத் தேக்கில் தொட்டில், ஒருவர் வெள்ளிச் சங்கு. தம்பி பிறந்தபோது வந்த சீரில் ஏதோ குறை. அன்றிலிருந்து சின்ன அம்மான் வரி வந்தால் அப்பத்தா "ம்ம்ம்" என்று முனகியே தாண்டிவிடுவார். அடுப்படியில் ஆத்தா, அதாவது என் அம்மா, பாத்திரத்தைக் கொஞ்சம் ஓங்கி வைப்பாள்.

அந்த முனகலுக்கு எத்தனை சதவீதம்?

வழிகாட்டி சிரித்தார். அப்புறம், "மரபுப் பாட்டு என்று போடுங்கள், புது வரிகளுக்கு மட்டும் உங்கள் பெயர்" என்றார். போட்டேன். அப்பத்தா பெயர் எங்கேயும் இல்லை. பஸ்ஸில் வீடு வரும்வரை அதுவே உறுத்தியது.

மற்றபடி பழகிவிட்டது. பனிக்காலம்கூடப் பெரிதாகத் தெரியவில்லை. என்ன, ஒரு வரி சரியாக வராதபோது வெறுங்கால் ஊர் வீட்டுத் தரையின் ஆத்தங்குடிக் கல்லைத் தேடும்; கீழே கம்பளம்தான் இருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை ஆத்தாவுக்கு போன் போட்டேன். பாட்டில் சின்ன அம்மான் என்னதான் கொண்டு வந்தார்?

"இப்ப எதுக்கு?"

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு மெட்டு பிசகாமல் முழு வரியையும் பாடினாள். தங்க அரைஞாண், அதில் ஏழு மணி.

"எழுதுறதுன்னா இதையும் சேர்த்து எழுது" என்று சொல்லி வைத்துவிட்டாள்.