புதனும் ஞாயிறும்: ரோமில் திருத்தந்தையைப் பார்க்கப் போகிறவர்களுக்கு

ரோமுக்கு விமான டிக்கெட் போடும்போது பலரும் தேதியைப் பார்ப்பார்கள், கிழமையைப் பார்ப்பதில்லை. வியாழன் இறங்கி சனி இரவு கிளம்பினால் திருத்தந்தையை (போப்பை) பார்ப்பது ஏறக்குறைய நடக்காது. வத்திக்கானின் புனித பேதுரு வளாகத்தில் பொதுமக்கள் முன்னால் அவர் வழக்கமாக வருவது வாரத்தில் இரண்டு தடவை: புதன் காலை மறைக்கல்வி உரை (விசுவாசத்தை விளக்கும் பொதுச் சந்திப்பு), ஞாயிறு நண்பகல் மூவேளை செபவுரை (மரியன்னை செபமும் சிறு உரையும்). செவ்வாய் பொதுவாகச் சந்திப்புகள் இல்லாத நாள். மற்ற காலைப்பொழுதுகள் ஆயர்கள், தூதர்கள், நாட்டுத் தலைவர்கள், திருப்பீடத் (வத்திக்கான் மைய நிர்வாகத்தின்) துறைத் தலைவர்கள் என்று தனிச் சந்திப்புகளில் போய்விடும்.

எல்லாப் புதனும் கணக்கில் வராது. அவர் வெளிநாட்டுப் பயணத்தில் இருக்கும் வாரம் மறைக்கல்வி உரை இல்லை. ஜூலையில் வழக்கமாக நிறுத்திவைப்பார்கள். 2025-ல் இப்போதைய திருத்தந்தை பதினான்காம் லியோ ஜூலை 30-ஆம் தேதிதான் மறுபடி தொடங்கினார். பள்ளி விடுமுறையை நம்பிக் கோடையில் போகிறவர்கள் வத்திக்கான் இணையதளத்தில் இருக்கும் நிகழ்ச்சி அட்டவணையைப் பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

புதனுக்கு நுழைவுச்சீட்டு உண்டு. காசு கிடையாது. யாராவது இதற்குப் பணம் கேட்டால் அது வழிகாட்டிக்கும் வண்டிக்குமான கட்டணம், சீட்டுக்கானது அல்ல. திருத்தந்தை இல்ல நிர்வாக அலுவலகத்தின் விண்ணப்பப் படிவத்தில் தேதி, எத்தனை பேர், பெயர், முகவரி எழுதி முன்கூட்டியே அனுப்ப வேண்டும். ரோமில் படிக்கும் நம் ஊர்க் குருக்கள் யாரையாவது பங்குத்தந்தைக்குத் தெரிந்திருந்தால் அவர்கள் வழியாக வாங்குவது இன்னும் சுலபம். எழுதிப் போடாமல் போனவர்களுக்கும் வழி உண்டு: முந்தின நாள் செவ்வாய் மாலை 3 மணிக்கு மேல் வெண்கலக் கதவருகே சுவிஸ் காவலரிடம் கேட்டால், கையிருப்பு இருந்தால் கொடுப்பார்கள். புனித பேதுரு பெருங்கோவிலை நோக்கி நின்றால் வலப்பக்கத் தூண் வரிசையில் இருக்கிறது அந்தக் கதவு. புதன் காலையிலும் வாங்கலாம். ஆனால் அதற்கு ஒரு வரிசை, சோதனைக்கு இன்னொரு வரிசை என்று இரட்டை வேலை. அதனால்தான் செவ்வாய் மதியத்துக்குள் ரோமில் இருக்கும்படி பயணத்தை அமைக்கச் சொல்கிறோம்.

சீட்டில் இருக்கை எண் இருக்காது. முதலில் உள்ளே போனவருக்கு முதல் நாற்காலி. உரை தொடங்குவது 10 மணிக்கு என்றாலும், அதற்கு முன்பே திறந்த வாகனத்தில் வளாகத்தைச் சுற்றி வந்துவிடுவார். காலை 7 மணிக்குத் தூண் வரிசையடியில் நிற்க வேண்டும். மெட்ரோ ஏ பாதையில் ஒத்தாவியானோ நிலையத்தில் இறங்கினால் பத்து நிமிட நடை. மைய ரயில் நிலையமான தெர்மினியிலிருந்து 64-ஆம் எண் பேருந்தும் வரும். அதில் பிக்பாக்கெட் அதிகம், பாஸ்போர்ட்டை உள்பையில் வையுங்கள். விமான நிலையம் போலவே ஸ்கேனர் சோதனை. கத்தி, கத்தரிக்கோல், கண்ணாடிப் பாட்டில் எல்லாம் அங்கேயே நின்றுவிடும். மருந்துப் பைக்குள் மறந்துபோன சின்னக் கத்தரிக்கோல் ஒன்று போதும், பின்னால் நிற்கிற குழு முழுக்கத் தாமதமாகும்.

உள்ளே நுழைந்ததும் எல்லோரும் மேடையை நோக்கி ஓடுவார்கள். ஓட வேண்டாம். மேடைக்கு முன்னால் உட்கார்ந்தாலும் முகம் தெரிவது பெரிய திரையில்தான். வாகனம் போகிற பாதையின் ஓரம் மரத்தடுப்பு போட்டிருப்பார்கள். அதை ஒட்டிய நாற்காலியைப் பிடியுங்கள், அதிலும் பாதை திரும்புகிற மூலை நல்லது. திரும்பும்போது வண்டி வேகம் குறையும். கைக்குழந்தையைத் தடுப்புக்கு மேல் நீட்டினால் பாதுகாவலர் வாங்கிக் கொண்டுபோய் ஆசீர் வாங்கித் தருவதும் அப்படிப்பட்ட இடங்களில்தான். வாகனம் நெருங்கியதும் முன்வரிசைக்காரர்கள் நாற்காலிமேல் ஏறிவிடுவார்கள், பின்னால் இருக்கும் பெரியவர்களுக்கு முதுகுதான் தெரியும். வயதானவர்களை நடுவில் உட்காரவைக்காமல் தடுப்போரமாக வையுங்கள்.

முதலில் வேதாகமப் பகுதியைப் பல மொழிகளில் வாசிப்பார்கள். திருத்தந்தையின் உரை இத்தாலியத்தில். பிறகு ஆங்கிலம், பிரெஞ்சு, அரபு எனச் சுருக்கங்கள். தமிழ் கிடையாது, அன்றைய உரையைத் தமிழில் வத்திக்கான் வானொலியின் தமிழ்ப் பணி தருகிறது. ஆங்கிலத்தில் வாழ்த்தும்போது வந்திருக்கும் குழுக்களின் நாடுகளைப் பெயர் சொல்லி வாழ்த்துவார், இந்தியாவின் பெயரும் அடிக்கடி வரும். முடிவில் இலத்தீனில் கர்த்தர் கற்பித்த செபம், அப்போஸ்தலிக்க ஆசீர். அந்த நேரம் செபமாலை, சுரூபம் எல்லாவற்றையும் கையில் எடுத்துப் பிடித்துக்கொள்ளுங்கள். அந்த ஆசீர் அவற்றுக்கும், வீட்டிலிருக்கும் நோயாளிகளுக்கும் சேர்த்துத்தான். ஊருக்கு வாங்கவேண்டிய செபமாலைகளைப் பிற்பகலுக்குத் தள்ளிப்போடாதீர்கள். முந்தின நாளே வாங்கிப் பையில் வைத்திருந்தால் மந்திரிக்க (ஆசீர்வதிக்க) தனியாக யாரையும் தேட வேண்டாம்.

புதுமணத் தம்பதிகளுக்கு மேடையருகே தனி இடம். கோவில் திருமணச் சான்றிதழும் திருமண உடையும் வேண்டும், விண்ணப்பத்திலேயே சொல்லிவிட வேண்டும். குளிர், மழை, கடும் வெயில் என்றால் நிகழ்ச்சி ஆறாம் பவுல் அரங்கத்துக்கு மாறும். வெளியில் கொள்கிற கூட்டம் அதில் கொள்ளாது, அன்று இன்னும் சீக்கிரம் போக வேண்டும். புதன் முற்பகலில் பெருங்கோவில் பொதுவாகத் திறந்திருக்காது, உள்ளே பார்ப்பதை மதியத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

ஞாயிறு சுலபம். சீட்டு வேண்டாம், சோதனை மட்டும். சரியாக 12 மணிக்கு, வளாகத்தை ஒட்டிய அப்போஸ்தலிக்க மாளிகையின் மேல்மாடியில், வலமிருந்து இரண்டாவது சன்னலில் அவர் தெரிவார். சிறிய நற்செய்தி விளக்கம், செபம், ஆசீர். பாஸ்கா காலத்தில் (ஈஸ்டரைத் தொடரும் வாரங்களில்) மூவேளை செபத்துக்குப் பதில் ‘விண்ணக அரசியே’ செபம். ஆசீர் முடிந்ததும் பலர் கிளம்பிவிடுவார்கள், அது தவறு. அறிவிப்புகளும் அமைதிக்கான வேண்டுகோள்களும் வருவது அதற்குப் பிறகுதான். 2022 மே 29-ல் ஹைதராபாத் பேராயர் அந்தோனி பூலா உள்ளிட்ட 21 புதிய கர்தினால்களின் பெயர்களைத் திருத்தந்தை பிரான்சிஸ் வாசித்ததும் இப்படி ஒரு ஞாயிறு செபத்துக்குப் பின்தான். கோடையில் சில ஞாயிறுகள் ரோமிலிருந்து சுமார் 25 கி.மீ. தள்ளி, திருத்தந்தையின் கோடை இல்லம் இருக்கும் காஸ்தல் கந்தோல்ஃபோவில் நடக்கும். தெர்மினியிலிருந்து அல்பானோ பாதை ரயில்.

ஊரில் இருந்தபடி இந்த அட்டவணையைப் பின்தொடர்கிறவர்களுக்கு ஒரு நேரக் கணக்கு. அன்றைய சந்திப்புகளும் நியமனங்களும் ரோம் நேரம் நண்பகலில் திருப்பீடச் செய்தி அலுவலகத்தின் நாளறிக்கையில் வரும். நமக்கு அது கோடையில் பிற்பகல் 3.30, அக்டோபர் கடைசி ஞாயிறு முதல் மார்ச் கடைசி ஞாயிறு வரை 4.30. நம் மறைமாவட்டங்களில் புது ஆயர் பெயரை அறிவிக்க எல்லோரையும் அந்த நேரத்துக்குக் கூட்டி, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு காத்திருப்பது இதனால்தான். அங்கே பன்னிரண்டு ஆகும்வரை இங்கே உறையைப் பிரிக்கமாட்டார்கள்.